நிக்காஹ், பலாக்கு, திவாஹ்: ஒரு பஞ்சார்–ஙாஜு திருமணத்தின் நிகழ்வு ஆய்வு

பதிவின் எல்லை

இந்தோனேசியாவின் மத்தியக் கலிமந்தான் மாகாணத்தில், பஞ்சார் இனத்தைச் சேர்ந்த ஓர் ஆணுக்கும் ஙாஜு தயாக் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் 2010களின் பிற்பகுதியில் நடந்த திருமணத்தையும், அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் இரு குடும்பங்களும் கடந்து வந்தவற்றையும் இப்பதிவு வரிசைப்படி சொல்கிறது. இரு வீட்டாரும் இன்றும் அதே ஊர்களில் வாழ்வதால் ஆட்களின் பெயர்களும் கிராமத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் பொதுவாக்கப்பட்டுள்ளன.

இத்தகைய திருமணங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேடையில் இருவகை உடையும் இருவகை இசையும் சேர்ந்து வருவதையே வியந்து எழுதுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் அந்தப் பகுதி எளிதாகவே முடிந்தது. நிக்காஹில் மணமகளின் தந்தைக்கு இடமில்லாமல் போனதும், அவளுடைய பாட்டனாருக்குச் செய்ய வேண்டியிருந்த இரண்டாம் ஈமச்சடங்கைப் பற்றிப் பேச்சுவார்த்தையில் எவரும் வாய் திறக்காததும்தான் கடினமாக அமைந்தன. ஆகவே பதிவின் பெரும்பகுதி அவ்விரண்டையும் சுற்றியே செல்கிறது.

பின்னணி

பஞ்சார் மக்கள் தென் கலிமந்தானைத் தாயகமாகக் கொண்ட முஸ்லிம்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தோனேசியா முழுவதும் அவர்கள் ஏறத்தாழ 41 லட்சம் பேர். அவர்களுடைய முதல் சுல்தானான சூரியான்ஷாவின் காலத்தையொட்டி, 1526 செப்டம்பர் 24 பஞ்சார்மாசின் நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. மலாய், சாவகக் கூறுகளோடு ஙாஜு, மஆன்யான், மெராத்துஸ் தயாக் கூறுகளும் கலந்தே பஞ்சார் இனம் உருவானது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கருத்து. அண்ணன் மலையில் தங்கித் தயாக் மக்களுக்கு மூதாதையானான், தம்பி சமவெளிக்கு இறங்கிப் பஞ்சார் மக்களுக்கு மூதாதையானான் என்ற கதையை மெராத்துஸ் மலையில் இன்றும் சொல்கிறார்கள்.

இந்த உறவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இஸ்லாத்தைத் தழுவிய தயாக் குடும்பம் ஓரிரு தலைமுறைக்குள் தன்னைப் பஞ்சார் என்றே சொல்லிக்கொள்வது நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. பாரித்தோ ஆற்றங்கரையின் பக்கும்பாய் மக்களைப் போல, முஸ்லிம்களாகி, ஙாஜுவுக்கு நெருங்கிய தம் மொழியையும் காத்துக்கொண்டவர்கள் இருந்தாலும், மகள் மதம் மாறினால் அவளுடைய பிள்ளைகள் ‘நம்மவர்’ ஆக மாட்டார்கள் என்ற அச்சம் தயாக் பெற்றோருக்கு வெறும் கற்பனையாகத் தோன்றுவதில்லை. அரசியலிலும் இந்தக் கவலைக்குப் பங்கு இருந்தது. 1957 வரை இன்றைய மத்தியக் கலிமந்தான், பஞ்சார்மாசினைத் தலைநகராகக் கொண்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தது; தயாக் மக்களின் கோரிக்கையின் பேரில் அவ்வாண்டு மே 23 அன்று அது தனி மாகாணமாயிற்று, அதற்கெனப் பலங்கராயா என்ற புதிய தலைநகரமும் எழுந்தது. ஆனாலும் அங்கும் இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பஞ்சார். சந்தைகளிலும் படகுத்துறைகளிலும் பஞ்சார் மொழியே பொதுமொழி போல ஒலிக்கிறது.

ஙாஜு மக்கள் கஹாயான், கப்புவாஸ் முதலிய ஆறுகளின் கரைகளில் வாழ்பவர்கள். கிறித்தவர்கள், முஸ்லிம்கள், மூதாதையர் சமயமான கஹாரிங்கானைப் பின்பற்றுவோர் என மூவகையினரும் அவர்களிடையே உண்டு. ஒரே குடும்பத்தில் மூவரும் இருப்பதும் புதிதல்ல. கஹாரிங்கான் 1980இல் அரசு ஆவணங்களில் இந்து சமயத்தோடு இணைக்கப்பட்டது. அதனால் இந்தப் பெண்ணின் தந்தையின் அடையாள அட்டையில் ‘இந்து’ என்றே இருக்கிறது. தமிழ் வாசகர் இதைப் படித்துவிட்டுக் கோவிலையும் விக்கிரகத்தையும் மனத்தில் கொள்ள வேண்டாம். அவர்களுடைய பரம்பொருள் ரஞ்ஞிங் ஹத்தல்லா. மந்திரம் ஓதுபவர் பாசிர். கூடி வழிபடும் இடம் பாலாய் பசாரா.

சட்டநிலையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், அவரவர் சமயவிதிப்படி நடந்தால்தான் திருமணம் செல்லும் என்கிறது. வெவ்வேறு சமயத்தவரின் திருமணத்தைப் பதிவு செய்யச் சில நீதிமன்றங்கள் அனுமதி வழங்கியதுண்டு. 2023இல் உச்ச நீதிமன்றத்தின் சுற்றறிக்கை அந்த வழியையும் அடைத்துவிட்டது. நடைமுறையில் இருவரில் ஒருவர் மாறுவதே வழக்கமாக இருக்கிறது.

இரு குடும்பங்கள்

மணமகனின் குடும்பம் தென் கலிமந்தானின் ஹுலு சுங்கை பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மூன்று தலைமுறையாகக் குவாலா கப்புவாஸில் துணியும் மளிகையும் விற்று வருகிறது. தந்தை மார்க்கப் பற்றுள்ளவர். வாரந்தோறும் துவான் குரு எனப்படும் மார்க்க ஆசிரியரின் பாடத்துக்குச் செல்பவர். பாட்டிக்கோ பழைய சடங்குகளில் உறுதியான நம்பிக்கை.

மணமகள் பலங்கராயாவில் படித்து ஆசிரியையானவள். தந்தை கஹாயான் ஆற்றின் நடுப்பகுதியில் ரப்பர்த் தோட்டமும் பிரம்புக் காடும் வைத்திருப்பவர், கஹாரிங்கானைப் பின்பற்றுபவர். தந்தையின் தம்பி புரொட்டஸ்டண்ட் கிறித்தவர். தாயின் தங்கை ஒரு பக்கும்பாய்க்காரரை மணந்து பல ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிமானவர். இந்தச் சித்தியின் பங்கு இந்நிகழ்வில் பெரிது. பேச்சுவார்த்தைகளில் அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும், இரு தரப்பும் எதைச் சொல்லத் தயங்குகிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

மணமகளின் பாட்டனார், அதாவது தந்தையின் தந்தை, திருமணப் பேச்சு தொடங்குவதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்தார். கஹாரிங்கான் முறைப்படி உடலை முதலில் புதைப்பார்கள். பின்னர் வசதியும் துணைக்குடும்பங்களும் கூடிவரும்போது எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தூய்மை செய்து, சண்டுங் எனப்படும் சிறு வீடு போன்ற எலும்பறையில் வைப்பார்கள். அந்தப் பெருஞ்சடங்குக்குத் திவாஹ் என்று பெயர். அது முடியும்வரை இறந்தவரின் உயிர் மூதாதையர் உலகை அடையாது என்பது நம்பிக்கை. எருமைகளும் பன்றிகளும் பலியாகும், செலவு மிகுதி, பல குடும்பங்கள் சேர்ந்தே நடத்துவார்கள். இந்தப் பாட்டனாரின் திவாஹ் அப்போது இன்னும் நடந்திருக்கவில்லை.

பேச்சு தொடங்கியபோது கவனித்தவை

பஞ்சார் வழக்கப்படி முதலில் விசாரணை, பிறகு முறையான பெண்கேட்பு. பெண்கேட்பின்போதே தடங்கல் வந்தது. மணமகன் வீட்டார் ஜுஜுரான் என்ற தொகையோடு வந்திருந்தார்கள். அது, நிக்காஹில் மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரிலிருந்து வேறானது. பெண் வீட்டார் கலியாணச் செலவுக்காகப் பெற்றுக்கொள்ளும் பணம். அதை ஒரே தொகையாகச் சொல்லி, ‘எல்லாம் இதில் அடங்கும்’ என்று அவர்களுடைய பேச்சாளர் நல்லெண்ணத்தோடுதான் கூறினார். பெண் வீட்டுக் கூடத்தில் அமைதி நிலவியது. ஙாஜு முறையில் மணமகன் தரவேண்டியவை தனித்தனிப் பெயரும் தனித்தனிப் பொருளும் கொண்டவை. பலாக்கு என்பது மணமகளுக்கே உரிய சொத்து. முற்காலத்தில் வெண்கலச் சேகண்டிகளின் எடையில் கணக்கிட்டதை இன்று நிலமாகவோ பொன்னாகவோ தருகிறார்கள். சகோதரர்களுக்கு ஒன்று, தந்தைக்கு ஆடை, பாட்டிக்கு நரைமுடியை மறைக்கும் துணி, பிள்ளையைச் சுமந்து வளர்த்ததற்காகத் தாய்க்குச் சேலையும் தூளித்துணியும், பேச்சுக்குச் சாட்சியாக லாமியாங் என்னும் செம்மணி. இவற்றையெல்லாம் ஒரு கட்டுப் பணமாக்கியதைத் தந்தை விலைபேசியதாகவே எடுத்துக்கொண்டார்.

மணமகன் வீட்டாருக்கு இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அவர்கள் தெரியாதவர்களும் அல்லர். மூன்று தலைமுறையாகத் தயாக் வாடிக்கையாளர்களோடு பழகியவர்கள். அருகிலிருந்து பழகுபவர்கள், தமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதே என் கணிப்பு.

இரண்டாவதாகத் தெரியவந்தது வலீ, அதாவது நிக்காஹில் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், பற்றியது. மணமகள் இஸ்லாத்தைத் தழுவுவதாகத் தானே முடிவு செய்திருந்தாள். பெற்றோரும், வருத்தம் இருந்தாலும், தடுக்கவில்லை. ஆனால் முஸ்லிமாகிவிட்ட மகளுக்கு முஸ்லிமல்லாத தந்தை வலீயாக இருந்து நிக்காஹ் செய்துகொடுக்க முடியாது என்பதையும், தகுதியான முஸ்லிம் ஆண் உறவினர் இல்லாத நிலையில் அரசின் சமய அலுவலகத் தலைவரே அப்பொறுப்பை ஏற்பார் என்பதையும் தந்தைக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ‘நான் உயிரோடு இருக்கும்போது என் மகளை ஓர் அலுவலர் கொடுப்பாரா’ என்று கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர், இரண்டு வாரங்கள் பேச்சுக்கே வரவில்லை. மதம் மாறியதைவிட இதுவே அவரை அதிகம் வருத்தியது.

மூன்றாவது, இரத்தம். ஙாஜு மணச்சடங்கின் மையப் பகுதியில் மணமக்கள் சேகண்டியின் மீது அமர்ந்து, சாவாங் செடியையும் பிரம்பையும் பிடித்து, சுட்டுவிரலை உயர்த்தி ரஞ்ஞிங் ஹத்தல்லாவைச் சாட்சியாக்குவார்கள். பலிவிலங்கின் இரத்தம் அவர்கள் மீது தடவப்படும். முஸ்லிமுக்கு இரத்தம் நஜிஸ், அதாவது அசுத்தம். அந்தச் சாட்சிக்கூற்றும் ஏற்கத்தக்கதல்ல என்று துவான் குரு தெளிவாகச் சொல்லிவிட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

சித்தியின் முயற்சியால் கிராமத்தின் மாந்திர் அதாத், அதாவது வழக்காறுகளுக்குப் பொறுப்பான மூத்தவர், பேச்சில் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் முதலில் செய்தது, எந்தச் செயல் எந்த முறைக்கு உரியது என்று பிரித்ததே. இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றைச் செய்யலாம் என்று இளையவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கலந்து செய்தால் பின்னால் தகராறு வரும்போது எவரிடம் போய் நிற்பீர்கள் என்பதே அவருடைய கேள்வி. மணவிலக்கு வந்தால் மஹர் பற்றிச் சமய நீதிமன்றம் பேசும். பலாக்கு பற்றி டாமாங் எனப்படும் வழக்காற்றுத் தலைவர் பேசுவார். இரண்டையும் ஒன்றாக்கினால் இருவருமே கைவிரிப்பார்கள். இந்தக் காரணத்தால் மஹர் தொழுகை உடுப்பும் சிறிதளவு பொன்னுமாக நிக்காஹுக்கே விடப்பட்டது. பலாக்கு, கப்புவாஸ் மாவட்டத்தில் மணமகனின் தந்தைக்கு இருந்த ஒரு துண்டு நிலமாக முடிவாயிற்று. ஜுஜுரான் என்ற பெயர் கைவிடப்பட்டது. அதே தொகை, ஙாஜு முறையில் விருந்துச் செலவுக்கென இருக்கும் தலைப்பின் கீழ் சேர்ந்தது. மதுவுக்கென உள்ள தலைப்பு மட்டும் பணமாக மாறியது.

மற்ற பொருள்கள் ஒவ்வொன்றாக விளக்கப்பட்டபோது, தூளித்துணியின் பொருளைக் கேட்ட மணமகனின் தாய் அதைத் தானே தேர்ந்து வாங்குவதாகச் சொன்னார். பேச்சின் இறுக்கம் அன்றுதான் தளர்ந்தது.

தந்தையின் மனக்குறைக்குக் கிடைத்த தீர்வு வரிசையைப் பற்றியது. மணமகன் வீட்டார், நிக்காஹுக்கு முன் மணமக்கள் ஒன்றாக அமரக் கூடாது என்றார்கள். பெண் வீட்டார், அதாத் எனப்படும் வழக்காற்றுச் சடங்கு முடியாமல் பெண் வாசல் தாண்டக் கூடாது என்றார்கள். இறுதியில் ஙாஜு முறையின் பேச்சும் ஒப்பந்தமும் முதல் நாள் எனவும், நிக்காஹ் மறுநாள் காலை எனவும், இருவரும் சேர்ந்து அமரும் சடங்கு அதன் பின் எனவும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. முதல் நாள் ஒப்பந்தத்தில் மகளை ஒப்படைப்பவர் என்ற இடத்தில் தந்தை கையெழுத்திடுவார். ஆக, ஒரு முறையில் இல்லாத இடம் மற்றொரு முறையில் அவருக்கு, அதுவும் முன்னதாகவே, கிடைத்தது. சமய அலுவலரும், நிக்காஹ் தொடங்குமுன் தந்தையிடம் அனைவர் முன்னிலையிலும் சம்மதம் கேட்டுப் பெறுவதாக ஒப்புக்கொண்டார். விதிப்படி அது தேவையில்லை, மரியாதைக்காகச் செய்யப்பட்டது.

இரத்தம் பற்றிய முடிவு, இரு தரப்பிலும் முன்பே இருந்த ஒரு வழக்கத்தால் சுலபமாயிற்று. நறுமண நீர் தோய்ந்த இலைக்கொத்தால் தெளித்து வாழ்த்துவதை ஙாஜு மக்களும் செய்கிறார்கள், பஞ்சார் மக்களும் செய்கிறார்கள். தம்புங் தவார், தப்புங் தவார் என்று ஒலிப்பில் சிறு வேறுபாடு மட்டுமே. மஞ்சள் அரிசி தூவுவதும் இரு வீட்டிலும் உண்டு. எனவே பாசிர் பலியும் மந்திரமும் முடித்து வீட்டு மூத்தவர்களுக்கு மட்டும் இரத்தக் குறியிடுவது, மணமக்கள் அப்போது அங்கே இராமல் பின்னர் வந்து சேகண்டியில் அமர்ந்து தெளிப்பை மட்டும் ஏற்பது என்று முடிவாயிற்று. பெண் வீட்டில் இதற்கு முன்மாதிரியும் இருந்தது. கிறித்தவரான சிற்றப்பா தம் திருமணத்திலும் இப்படித்தான் செய்திருந்தார். கஹாரிங்கானை விட்டு வெளியேறிய உறவினரை எங்கே உட்கார வைப்பது என்பது அந்தக் குடும்பம் ஏற்கெனவே விடை கண்டிருந்த கேள்வி.

சமையலில் விவாதமே எழவில்லை. ஆற்றங்கரைக் கிராமங்களில் முஸ்லிம் விருந்தினர்க்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் வைப்பது பழகிய முறை. சித்தியின் வீட்டு முற்றத்தில் ஹலால் அடுப்பு மூட்டப்பட்டது. மாடும் கோழிகளும் முஸ்லிம் உறவினர் கையால் அறுக்கப்பட்டன.

திருமண நாள்கள்

ஒப்பந்த நாளில் மணமகன் ஊர்வலம் நூல் கட்டிய வாயில் வளைவில் தடுக்கப்பட்டது. லாவாங் சகெப்பெங் என்னும் இந்தச் சடங்கில் இரு தரப்பு வீரர்களும் சிலாட் என்னும் தற்காப்புக் கலையை ஆடி நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து வழிதிறக்க வேண்டும். பஞ்சார் பக்கத்திலும் குந்தாவ் என்ற அடிமுறை பயின்றவர்கள் இருந்ததால் ஆட்டம் எதிர்பார்த்ததைவிட நீண்டது. பிள்ளைகளுக்கு இன்றும் நினைவிருப்பது அதுதான்.

கவனிக்கத்தக்க ஒன்று மணமகன் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அரிசி, தேங்காய், பனைவெல்லம், முட்டை, ஊசி, நூல் ஆகியவற்றை வைத்துக் கண்ணுக்குத் தெரியாதவர்களின் தொல்லையைத் தடுக்கும் பிடுடுக் என்னும் படையல் பஞ்சார் கலியாணங்களில் பழைய வழக்கம். மார்க்கத்துக்கு மாறானது என்று மணமகனின் தந்தை அதைத் தடுத்திருந்தார். பாட்டி ஒப்புக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சமையற்கட்டின் மூலையில் வைத்துவிட்டார். அதைக் கண்ட பெண் வீட்டு மூதாட்டி ஒருவர் எதுவும் கேட்காமல், அதன் அருகே இன்னொரு பிடி அரிசியைச் சேர்த்தார். கமுகம்பாளையை விரித்து மணமகளை நீராட்டும் பஞ்சார் சடங்கிலும் இந்த இரு மூதாட்டிகளே முன்னின்றார்கள். இந்நிகழ்வில் கருத்துப் பிளவு பஞ்சார்–தயாக் எல்லையில் மட்டும் ஓடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும், பழைய வழக்கை விடாதவர்களுக்கும் சமயத்தின் எழுத்தைப் பற்றியவர்களுக்கும் இடையே ஓடியது.

நிக்காஹின்போது தந்தை சம்மதம் சொன்னார், குரல் தடுமாறவில்லை. ஆனால் சடங்கு முடியுமுன் எழுந்து தாழ்வாரத்துக்குச் சென்றுவிட்டார். எவரும் பின்தொடரவில்லை, அது சரியான செயல் என்றே நினைக்கிறேன்.

முதல் ஆண்டுகள்

மணமக்கள் குவாலா கப்புவாஸில் தனி வீட்டில் குடியேறினார்கள். மனைவி தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. முஸ்லிமானவர் அரபுப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்று மணமகன் உறவினர் சிலர் எதிர்பார்த்தார்கள். துவான் குருவே, தீய பொருள் இல்லாத பெயரை மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட, பேச்சு முடிந்தது. வீட்டில் பஞ்சார் மொழியும், தாயோடு தொலைபேசியில் ஙாஜுவும். பிரம்புக் குருத்துக் குழம்பு வாரம் ஒருமுறையாவது அந்த வீட்டில் கொதிக்கிறது.

ஓராண்டுக்குள் மகன் பிறந்தான். பஞ்சார் முறையில் பெயர்சூட்டலும், நபிகளின் பிறந்த மாதமான மௌலித் மாதத்தில் தொட்டிலாட்டும் சடங்கும் நடந்தன. கஹாயான் கரையிலுள்ள பாட்டியும் தாத்தாவும் பேரனுக்குத் தம் முறைப் பெயர்சூட்டலான நஹுனான் செய்ய விரும்பினார்கள். திருமணத்தில் செய்தது போலவே, தெளித்து வாழ்த்துதலும் விருந்தும் மட்டும் என்று இரு நாளில் முடிவாகி நடந்தது. பிள்ளையின் பெயரின் இரண்டாம் பகுதி தாத்தா தந்த ஙாஜுப் பெயர். பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே இருக்கிறது. திருமணப் பேச்சில் கண்ட வழிமுறை இங்கே தானாகவே பயன்பட்டது. இதனால் இரு வீட்டாருக்கும் ஓர் அளவுகடந்த நம்பிக்கை ஏற்பட்டது என்றும் சொல்ல வேண்டும்.

திவாஹ்

பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போன பாட்டனாரின் திவாஹ், கட்டுப்பாடுகள் நீங்கிய பின் மூன்று குடும்பங்கள் சேர்ந்து நடத்துவதாக முடிவாயிற்று. ஒவ்வொரு பிள்ளையும் மூத்த பேரப்பிள்ளைகளும் பங்கு தர வேண்டும். இவளே மூத்த பேத்தி. தந்தை அவளிடம் கேட்டது, எருமையின் விலையில் ஒரு பகுதியும், சபுண்டு எனப்படும் செதுக்கிய கம்பத்தில் கட்டிய எருமையை உறவினர் ஈட்டியால் குத்தும் நாளில் குடும்ப வரிசையில் நிற்பதும்.

கணவன் துவான் குருவிடம் கேட்டான். இறந்தவரின் உயிருக்கான பலியில் முஸ்லிம் பணம் சேரக் கூடாது, அச்சடங்கில் பங்கேற்கவும் கூடாது என்பது பதில். தந்தைக்கு அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ‘என் தகப்பன் நடுவழியில் நிற்கிறார்; அவருடைய பேத்தி வரமாட்டாள்’ என்று மற்றவர்களிடம் சொன்னார். திருமணத்தில் உதவிய முறை இங்கே உதவவில்லை. அங்கே இரத்தத்துக்குப் பதில் நீரை வைக்க முடிந்தது, ஏனெனில் வாழ்த்துதான் நோக்கம். நீரும் வாழ்த்தைச் சுமக்கும். திவாஹில் பலியே சடங்கின் உள்ளுறை. நம்பிக்கையின்படி அந்த விலங்குகள் இறந்தவரோடு செல்பவை. அதற்கு ஈடாக வைக்க எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை இரு வீட்டாரும் முன்கூட்டியே காணவில்லை.

மாந்திர் மீண்டும் அழைக்கப்பட்டார். இம்முறை அவர் கண்ட வழி, திவாஹின் செலவை இரண்டு கணக்காகப் பிரிப்பது. பலி, எலும்பறை, பாசிர்களுக்கான காணிக்கை ஆகியவை ஒரு கணக்கு. வந்து தங்கும் நூற்றுக்கணக்கான விருந்தினரின் அரிசி, சர்க்கரை, காப்பி, படகு எரிபொருள், கூடாரம் ஆகியவை மற்றொன்று. பேத்தியின் பங்கு முழுவதும் இரண்டாம் கணக்கில் சேரும். விருந்தினரை உபசரிப்பதற்குத் தடையில்லை என்று துவான் குருவும் ஏற்றார். கணவன் தன் தம்பிகளோடு வந்து ஹலால் சமையற்கூடத்தைக் கட்டி, அதன் பொறுப்பை இறுதிவரை ஏற்றான். பலிநாளில் மனைவி அந்தக் கூடத்தில் இருந்தாள். குடும்ப வரிசையில் அவளுடைய இடத்தில் அவளுடைய தம்பி நின்றான்.

ஆற்றுக்கு மேலும் கீழுமுள்ள கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. குடும்பத்துக்குத் தெரிந்தது. தந்தை அதன்பின் பல மாதங்கள் மகள் வீட்டுக்கு வரவில்லை. பேரனைக் காணப் பாட்டி மட்டும் வந்துபோனார். மகளும் தன் தரப்பில் புண்பட்டிருந்தாள். திருமணத்தின்போது தன்னிடம் இதை எவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்பது அவளுடைய கூற்று. அது நியாயமானது. பாட்டனாரின் எலும்புகள் காத்திருப்பது பேச்சுக்கு வந்த அனைவருக்கும் தெரியும். மங்கலப் பேச்சில் சாவைக் குறிப்பிடுவது தகாது என்று எல்லோரும் தவிர்த்தார்கள்.

விளைவு

அடுத்த ஆண்டு அறுவடைக்குப் பின் தந்தை தாமாகவே மாந்திரை அழைத்துப் பிள்ளைகள் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் எழுதினார். தம் திவாஹுக்கு மகனே பொறுப்பு; மகளின் பங்கு விருந்தினர் கணக்கில் மட்டும்; அதற்காக எவரும் அவளைக் குறைசொல்லக் கூடாது. அதே தாளில் சொத்தைப் பற்றியும் எழுதினார். ஙாஜு வழக்கில் மகனுக்கும் மகளுக்கும் உரிமை உண்டு. ஆனால் முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒருவர் சொத்துக்கு மற்றவர் வாரிசாவதில்லை என்ற இஸ்லாமிய விதியைக் காட்டி, மகளுக்குப் பங்கில்லை என்று உறவினர் ஒருவர் பேசத் தொடங்கியிருந்தார். தந்தையின் சொத்து கஹாரிங்கான் குடும்பத்தின் சொத்து. அதன் பிரிவினை அதாத் வழியில் செல்லுமே அன்றிச் சமய நீதிமன்றத்துக்குச் செல்லாது. ஆகவே ரப்பர்த் தோட்டத்தின் ஒரு பகுதியை உயிரோடு இருக்கும்போதே அவள் பெயருக்கு ஒதுக்கினார். இரு வீட்டாரிடையே போக்குவரவு மீண்டும் தொடங்கிவிட்டது. முன்பிருந்த இயல்பு முழுவதும் திரும்பிவிட்டதாக இரு தரப்பிலும் எவரும் சொல்லவில்லை.

இனிச் செய்வதாயின்

முதல் மாற்றம் பேச்சுவார்த்தையின் உள்ளடக்கத்தில் வேண்டும். ஙாஜுத் திருமண ஒப்பந்தத்தில் மணவிலக்கு நேர்ந்தால் யாருக்கு என்ன என்பது எழுதப்படுகிறது. பிரிவைப் பற்றி மணநாளில் எழுதலாம் என்றால் சாவைப் பற்றியும் எழுதலாம். நிலுவையிலுள்ள திவாஹ், பெற்றோரின் எதிர்காலத் திவாஹ், அவற்றில் மதம் மாறிய பிள்ளையின் இடம் ஆகியவை ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாக அன்றே சேர்ந்திருக்க வேண்டும். இந்த மாந்திர் இப்போது தம்மிடம் வரும் கலப்புத் திருமணங்களில் அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார். மங்கல நாளில் கேட்பது பொருத்தமற்றது என்று கருதுவோருக்காக, ஒப்பந்த நாளுக்கு முன் தனியாக ஓர் அமர்வு வைக்கிறார்; அந்த அமர்வில் பேசவேண்டிய முதல் ஆள் மதம் மாறப்போகிறவரே என்பதும் அவர் வைத்திருக்கும் விதி.

வலீ பற்றிய செய்தியைத் தந்தைக்குச் சொல்லும் பொறுப்பு படிவத்துக்கு விடப்பட்டிருக்கக் கூடாது. சமய அலுவலர் பெண் வீட்டுக்கு நேரில் சென்று விளக்குவது ஒரு மாலைநேர வேலை. இந்த வழக்கில் அவர் பின்னர் காட்டிய மரியாதையைப் பார்க்கும்போது, கேட்டிருந்தால் வந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

பலாக்கு நிலம் இன்னும் அளக்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் எல்லைகள் ஓடையையும் பக்கத்துத் தோட்டத்தையும் வைத்தே குறிக்கப்பட்டுள்ளன. நில அலுவலகச் சான்றிதழ் மணமகனின் தந்தை பெயரிலேயே இருக்கிறது. அவர் காலமாகி அந்த நிலம் அவருடைய வாரிசுப் பட்டியலில் சேர்ந்துவிட்டால், அது மருமகளுடையது என்பதை மெய்ப்பிக்க வழக்காற்று ஒப்பந்தம் ஒன்றே கையில் இருக்கும். பெயர் மாற்றத்தைத் திருமணத்துக்கு முன்பே முடித்திருக்கலாம். மணமகனின் தாய் இவ்வாண்டு அளவையாளரை அழைத்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.